சுவரோர இருக்கை

வேலை பார்க்கவும் படிக்கவும் நல்ல கஃபே எது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். வைஃபை வேகமாக இருக்க வேண்டும், மேசைக்கு மேசை ப்ளக் வேண்டும், ஒரே காபியை வைத்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்தாலும் முறைக்காத முதலாளி வேண்டும். எல்லாம் சரிதான். என் கணக்கு வேறு. கடைக்கு இரண்டு வாசல் இருக்கிறதா? கழிப்பறைத் தாழ்ப்பாள் உதைத்தால் தாங்குமா? ஒருவன் உள்ளே வந்து ஒரு பெண்ணின் முடியைப் பிடித்தால், இருப்பவர்கள் எழுந்து வருவார்களா, கப்பைத் தூக்கிக்கொண்டு தள்ளி உட்காருவார்களா? கடைசிக் கேள்விக்கு மட்டும் அடி விழுந்த பிறகுதான் பதில் தெரியும்.

முதல் கஃபேயில் தள்ளித்தான் உட்கார்ந்தார்கள். அக்கா பாடப்புத்தகத்தின் மேல் குனிந்திருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து, துணி துவைக்கும் மெஷின் கம்பெனி ஒன்றின் வாடிக்கையாளர்களுக்குப் பதில் தட்டிக்கொண்டிருந்தேன். 'தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று நாள் முழுக்க எழுதுவதுதான் என் பிழைப்பு. மூக்கு நுனியில் கோபத்தை வைத்திருப்பவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். காபிக்கொட்டை அரைக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் கதவு திறந்த சத்தம் எனக்கும் கேட்கவில்லை. அக்காவின் முடி மேலே எழும்பியதைத்தான் முதலில் பார்த்தேன். அதைப் பிடித்திருந்த கையை அதன் பிறகுதான் பார்த்தேன்.

"கூப்பிட்டா திரும்ப மாட்டியா?" என்றான் அவள் புருஷன்.

அவள் நெற்றியை மேசை விளிம்பில் மோதினான். தூக்கினான். மறுபடி மோதினான். அவசரமே இல்லாமல், சுவரில் ஆணி அடிப்பவன் போல. நான் சர்க்கரை ஜாடியை எடுத்து அவன் காதோரம் இறக்கினேன். கண்ணாடி உடைந்தது, சர்க்கரையும் ரத்தமும் அவன் காலரில் அப்பிக்கொண்டன. அவன் திரும்பிப் புறங்கையால் ஒரு வீச்சு வீசினான். என் கீழுதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. பக்கத்து மேசைக்காரர் கப்பையும் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். சார்ஜரை மறந்துவிட்டார் போல. திரும்பி வந்து அதையும் எடுத்துக்கொண்டார்.

அவன் டிஷ்யூ எடுத்துக் காதைத் துடைத்துக்கொண்டு, கல்லாவில் இருந்தவரிடம், "மன்னிச்சுக்குங்க சார், குடும்ப விஷயம்," என்று சொல்லிவிட்டுப் போனான். வெளியே சிவப்பு எல் போர்டு மாட்டிய கார் நின்றிருந்தது. ஸ்டியரிங்கில் யாரோ பழக வந்தவர் பெல்ட் போட்டுக்கொண்டு காத்திருந்தார். அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, "கிளட்சை மெதுவா விடுங்க, பதறக் கூடாது," என்று சொல்வது எங்களுக்கே கேட்டது. அதுவரை அவனை அத்தான் என்று கூப்பிட்டவள் நான். அன்றிலிருந்து எனக்கு அவன் வெறும் கிளட்ச்.

கிளட்ச் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துபவன். ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்தவன், பொறுமைக்குப் பேர் போனவன். அந்தப் பொறுமையெல்லாம் காரோடு சரி. வீட்டில் அக்காவின் இடது காதில் அவன் அறைந்த அறையில் அந்தக் காது நிரந்தரமாகப் போயிற்று. அதற்குப் பிறகுதான் அவள் கட்டிய துணியோடு என்னிடம் வந்தாள். கையில் லேப்டாப் ஒன்று மட்டும் இருந்தது.

நாங்கள் இருந்தது ஒரு அடித்தள அறை. அங்கே நெட் வராது, போன் சிக்னல் வராது, காற்றே யோசித்துத்தான் வரும். எனக்கு வேலை ஓட வேண்டும். அக்கா கணக்குத் துறைத் தேர்வுக்குப் படிக்க வேண்டும். தேர்வை ஆன்லைனில் எழுதலாம், ஆனால் ஒரு முறைதான். தேறினால் வேறு ஊரில் வேலை, தங்க குவார்ட்டர்ஸ், வாசலில் காவல். தேறாவிட்டால் அதே ஊர், அதே கிளட்ச். 'இன்னொரு தடவை அவன் வீட்டுக்குப் போனா நான் பிணமாத்தான் வெளிய வருவேன்' என்று அக்கா ஒரு நாள் சாதாரணமாகச் சொன்னாள். அவள் மிகைப்படுத்திப் பேசுபவள் இல்லை. அதனால் எனக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது: அவள் அந்தத் தேர்வை எழுதி முடிக்கும் வரை அவள் உடம்பில் உயிரும் கையில் விரலும் இருக்கும்படி பார்த்துக்கொள்வது.

எந்தக் கஃபேக்குப் போனாலும் அக்கா இடது பக்கம் சுவர் இருக்கும் இடமாகப் பார்த்து உட்காருவாள். கேட்காத காதைச் சுவருக்குக் கொடுத்துவிட்டால், கேட்கும் காது உலகத்தைப் பார்த்துக்கொள்ளும். முதல் அடிக்குப் பிறகு முடியையும் கழுத்துக்கு மேல் ஒட்ட வெட்டிக்கொண்டாள். "பிடிக்க ஒண்ணும் இருக்கக் கூடாதுல்ல," என்றாள்.

இரண்டாவது கஃபே ஊரின் வேறு மூலையில் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, பஸ் மாறிப் போனோம். அங்கே வேலை முடிந்து வெளியே வரும்போது அதே எல் போர்டு கார் தெருமுனையில் திரும்பியது. பழகிக்கொண்டிருந்த அம்மாள் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி நிதானமாகத்தான் வந்தார். எங்களுக்குக் கிட்டே வந்ததும் பக்கத்திலிருந்த கை ஒன்று நீண்டு ஸ்டியரிங்கை வெடுக்கென்று இழுத்தது. கார் நடைபாதையில் ஏறியது. நான் அக்காவின் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு கதவோடு சாய்ந்தேன். வெளியே போட்டிருந்த மேசை இரண்டாகப் பிளந்தது. அதன் இரும்புக் கால் ஒன்று என் முழங்காலில் வந்து இறங்கியது. அந்த அம்மாள் காரை விட்டு இறங்கி, "நான் ஒண்ணுமே பண்ணல சார், நான் ஒண்ணுமே பண்ணல," என்று அவனிடமே அழுதார்.

"பரவாயில்லம்மா, பழகறவங்களுக்கு இது சகஜம்," என்றான் கிளட்ச். அக்காவைப் பார்த்துச் சிரித்தான்.

போலீஸ்காரர் வந்து அந்த அம்மாளுக்குத்தான் புத்தி சொன்னார். உடைந்த மேசையைப் பொறுக்கிக்கொண்டிருந்த கஃபேக்காரம்மா மட்டும் எங்களை உள்ளே உட்கார வைத்து என் முழங்காலுக்கு ஐஸ் கொடுத்தார். "அவன் இழுத்ததை நான் பார்த்தேன். எப்ப வேணாலும் வாங்க," என்றார்.

நாங்கள் அங்கே இருப்பது அவனுக்கு எப்படித் தெரிந்தது? எனக்கு உடனே அம்மா நினைவுதான் வந்தது. கல்லானாலும் கணவன், அடிக்கிற கைதான் அணைக்கும் என்று எந்த அடிக்கும் ஒரு பழமொழி வைத்திருப்பவள். நொண்டிக்கொண்டே நேராக அவள் வீட்டுக்குப் போனேன்.

"நீதானே சொன்ன?"

"எதை? நீங்க எங்க இருக்கீங்கன்னே எனக்குத் தெரியாதேடி," என்றாள் அம்மா.

நான் அவள் போனைப் பிடுங்கிப் பார்த்தேன். அவன் இவளைக் கூப்பிட்டதற்கு அடையாளம் எதுவும் இல்லை. இல்லாததுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. போனைச் சுவரில் எறிந்தேன். தெறித்த சில்லு ஒன்று அம்மாவின் கன்னத்தில் கோடு போட்டது. அவள் முந்தானையால் ஒற்றிப் பார்த்தாள். ரத்தத்தைப் பார்த்த பிறகும் சத்தம் போடவில்லை.

"உனக்கும் உங்கப்பா கைதான்டி," என்றாள்.

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன்.

மூன்றாவது கஃபேயைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். மாடியில் இருந்தது, இரண்டு படிக்கட்டு, எந்நேரமும் கூட்டம். தேர்வு நெருங்கிவிட்டது. அக்கா மாதிரித் தேர்வுகளில் நன்றாக மதிப்பெண் எடுக்கத் தொடங்கியிருந்தாள். எனக்கே கொஞ்சம் தெம்பு வந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

இந்த முறை ஸ்டியரிங்கைப் பூட்டும் இரும்புத் தடியோடு வந்தான். முடியைப் பிடிக்கப் போன கை வழுக்கியது. அது அவனை இன்னும் வெறியாக்கியது. அவள் வலது மணிக்கட்டை மேசையோடு அழுத்திக்கொண்டு தடியை ஓங்கினான். அவள் கையை உருவப் பார்த்தாள், முழுதாக உருவ முடியவில்லை. கடைசி இரண்டு விரல்களும் முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. லேப்டாப்பை அடித்து இரண்டு துண்டாக்கினான். நான் அவன் முதுகில் தொற்றிக்கொண்டு கழுத்தைக் கடித்தேன். வாயில் உப்புக் கரித்தது. எங்கள் நல்ல நேரம், பக்கத்து மேசையில் படம் வரைந்துகொண்டிருந்த ஒரு தடித்த ஆள் எழுந்து நாற்காலியாலேயே அவனைச் சுவரோடு நெருக்கிப் பிடித்தார். போலீஸ் வரும் வரை விடவில்லை.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் புகாரை வாங்கிக்கொண்டார். அவர் மகளுக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்ததும் கிளட்ச்தான். கூப்பிட்டுக் கண்டித்து அனுப்பிவிட்டோம் என்று மறுநாள் போனில் சொன்னார். கண்டித்தாராம்.

அக்கா கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எட்டு விரல் போதும். நம்பர்தானே தட்டணும்," என்றாள். எனக்கு அழுகை வரவில்லை. அவனை எங்கே குத்தினால் சாவான் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பழைய லேப்டாப் ஒன்று வாங்கினோம். அதை எடுத்துக்கொண்டு அந்த இரண்டாவது கஃபேக்கே போனோம், ஐஸ் கொடுத்த கஃபேக்காரம்மாவிடம். அக்கா தன் பழைய ஈமெயில் கணக்கில் உள்ளே நுழைந்தாள். நான் வைஃபை பாஸ்வேர்டைத் தட்டக் கையை நீட்டினேன். அதற்குள் லேப்டாப் தானாகவே இணைந்துவிட்டது.

இந்த லேப்டாப் இந்தக் கடைக்குள் இன்றுதான் நுழைகிறது. இதற்குப் பாஸ்வேர்ட் எப்படித் தெரிந்தது? தோண்டிப் பார்த்தேன். அக்காவின் கணக்கில் ஒரு கருவி சேமித்த வைஃபையெல்லாம் அதே கணக்கில் இருக்கும் மற்றக் கருவிகளுக்கும் தானாகப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. அந்தக் கணக்கில் இருந்த கருவிகள் மூன்று. உடைந்த லேப்டாப், இது, அப்புறம் ஒரு டேப்லெட். சமைக்கும்போது பாட்டுக் கேட்க அவள் அடுப்படி அலமாரியில் வைத்திருந்த டேப்லெட், அவன் வீட்டில் இன்னும் அங்கேயேதான் இருந்தது. கஃபேக்காரர்கள் வைஃபைக்குக் கடைப் பெயரையேதான் வைக்கிறார்கள். நாங்கள் எந்தக் கஃபேயில் உட்கார்ந்தாலும் அதன் பெயர் அவன் அடுப்படியில் போய் விழுந்துகொண்டிருந்தது. அம்மா பாவம், சும்மா ரத்தம் சிந்தினாள்.

அக்காவுக்குக் காட்டினேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. "உடனே அதை எடுத்துடு," என்றாள்.

நான் திரையைத் தொட்டேன். "எடுத்தாச்சு," என்றேன்.

எடுக்கவில்லை. எடுத்தால் அவன் குருடாவான். குருடானாலும் தேர்வு நாள் எது என்று அவனுக்குத் தெரியும். காலையிலேயே காரை எடுத்துக்கொண்டு தெரிந்த கஃபேயெல்லாம் சுற்றுவான். எடுக்காமல் விட்டால், எங்கே போக வேண்டும் என்று அவனுக்கு நானே சொல்லலாம். அக்காவின் லேப்டாப்புக்குப் புதுக் கணக்கு ஒன்று போட்டுக் கொடுத்தேன். பழைய கணக்கை என் போனில் ஏற்றி வைத்துக்கொண்டேன். அவள் எதுவும் கேட்கவில்லை. என்னை நம்பினாள்.

தேர்வு நாளன்று, கஃபேக்காரம்மா காபிக்கொட்டை மூட்டை அடுக்கும் பின்னறையைக் காலி செய்து கொடுத்தார். வைஃபை பெட்டி அந்த அறைச் சுவரில்தான் இருந்தது, நெட் பறந்தது. அக்காவை அங்கே கடைசியாக ஒரு முறை புரட்டிப் படிக்க விட்டுவிட்டு, நான் பஸ் ஏறி ஊரின் இன்னொரு கோடிக்குப் போனேன். நல்ல பெரிய கஃபே. இரண்டு மாடி, ஜேஜே என்று கூட்டம், எதிரே போலீஸ் பூத். இங்கே வந்து கத்தினால் அவன் மானம் கப்பலேறும், பிடித்துக் கொடுத்தால் இன்னும் நல்லது என்று கணக்குப் போட்டேன். அக்காவின் கணக்கு இருந்த போனில் அந்தக் கடை வைஃபையை இணைத்தேன்.

வேலை அவ்வளவுதான். உடனே கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் கஃபே கஃபேயாகச் சுற்றும் எங்களுக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொள்கிறது. எந்தக் கடைக்குள் போனாலும் நல்ல இடம் எது என்று கண் தேடும். இடது பக்கம் சுவர், காலடியில் ப்ளக், படிப்பவள் கவனம் சிதறாமல் கதவுக்கு முதுகு. போய் உட்கார்ந்து ப்ளக்கை ஆட்டிக்கூடப் பார்த்தேன். இன்னொரு பழக்கமும் உண்டு. நல்ல இடத்தை விட்டு எழுபவர் அதைச் சும்மா போட்டுவிட்டு எழக் கூடாது. கையில் சார்ஜரோடு யார் நிற்கிறார்கள் என்று பார்த்து, கூப்பிட்டு, ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் எல்லோரும் செய்வோம்.

சார்ஜரோடு ஒரு பெண் நின்றிருந்தாள். தடித்த புத்தகம், கழுத்தில் பெரிய ஹெட்ஃபோன்.

"அக்கா, நீங்க கிளம்பறீங்களா?"

"ஆமா, வா. இங்க இதுதான் நல்ல இடம். ப்ளக் ஆடாது. சுவர் இருக்கு, யாரும் வந்து இடிக்க மாட்டாங்க."

"ரொம்ப தேங்க்ஸ்க்கா. நாளைக்கு எனக்கு எக்ஸாம், வீட்ல ஒரே சத்தம்," என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தாள்.

"நல்லா எழுது," என்றேன்.

கதவு வரை வந்து திரும்பிப் பார்த்தேன். ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு புத்தகத்தின் மேல் குனிந்திருந்தாள். முடியைக் கழுத்துக்கு மேல் ஒட்ட வெட்டியிருந்தாள். அந்த நேரத்தில் உனக்குத் தோன்றவே இல்லையா என்று பிறகு கேட்டார்கள். தோன்றியது. திரும்பிப் போய், 'வேற இடத்துல உக்காரு' என்று சொல்லக் காலைக்கூட எடுத்து வைத்தேன். என்ன காரணம் சொல்வது? பஸ் வேறு வந்துவிட்டது. முகத்தைப் பார்க்காமலா அடிப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஓடிப்போய் ஏறினேன்.

நான் திரும்பி வந்து சேர்ந்ததும் அக்கா பின்னறையில் எழுதத் தொடங்கினாள். கேமரா முன்னால் அவள் தனியாக இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் நான் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மடியில் கஃபேக்காரம்மாவின் ரொட்டி வெட்டும் கத்தி, எதிரே லேப்டாப். தெருவில் எல் போர்டு கார் எதுவும் வரவில்லை. உள்ளே எட்டு விரல் தட்டும் சத்தம் கேட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவனை ஏமாற்றிவிட்டோம் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆமாம், சந்தோஷமாகத்தான் இருந்தது.

கஃபேயில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு என்று எங்கள் ஊரில் ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. எந்தக் கடையில் கரண்ட் இல்லை, எங்கே இடம் காலி என்று போடுவார்கள். அதில் அந்தப் பெரிய கஃபேயின் பெயர் வந்தது. 'இன்னைக்கு அங்க யாரும் போகாதீங்க. போலீஸ் மூடிட்டாங்க. ஒரு பொண்ண ஒருத்தன் இரும்புத் தடியால மண்டையில அடிச்சுட்டான்.' கீழே ஒரு படம். கவிழ்ந்த நாற்காலி, நடுவில் முறிந்த ஹெட்ஃபோன், சுவரில் தோள் உயரத்துக்குத் தெறித்த ரத்தம். நான் ஆட்டிப் பார்த்த ப்ளக்கில் அவள் சார்ஜர் இன்னும் சொருகியிருந்தது.

அங்கே இருந்த யாரோ அடுத்தடுத்து எழுதினார்கள். 'பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவ ஹெட்ஃபோன் போட்டிருந்ததால திரும்பல.' 'கூப்பிட்டா திரும்ப மாட்டியான்னு கேட்டுட்டு அடிச்சான்.' 'ரெண்டாவது அடி அடிச்சப்புறம்தான் அவ முகத்தைத் திருப்பிப் பார்த்தான். பார்த்துட்டு, இது இல்லன்னு சொன்னான்.' 'எல்லாரும் சேர்ந்து பிடிச்சுட்டோம். வெளிய அவன் காரை ஓட்டிட்டு வந்தவர் பயந்துபோய் உக்காந்திருக்கார்.'

'இது இல்ல.' அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கழிப்பறைக்குப் போய் வாந்தியெடுத்தேன். வாயைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி கதவருகே உட்கார்ந்தேன். உள்ளே தட்டும் சத்தம் நிற்கவில்லை. அதை நான் நிறுத்தவும் இல்லை.

அக்கா கதவைத் திறந்துகொண்டு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. அவள் சிரித்துப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்பது அப்போதுதான் உறைத்தது. "எல்லாத்தையும் எழுதிட்டேன்டி. தேறிடுவேன்," என்றாள்.

"அவனைப் பிடிச்சுட்டாங்க," என்றேன்.

அவள் அப்படியே மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். கட்டுப் போட்ட கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நிம்மதி வந்தவள் அழும் அழுகை. கஃபேக்காரம்மா தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு, "எங்க பிடிச்சாங்க? எதுக்குப் பிடிச்சாங்க?" என்று கேட்டாள். இடத்தைச் சொன்னேன். ஒரு பெண்ணை அடித்துவிட்டான் என்றும் சொன்னேன்.

"நாம அங்க போனதே இல்லையே. அங்க எதுக்குப் போனான்?"

நான் போனைக் கவிழ்த்துப் பிடித்தேன். அவள் என் போனைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். "டேப்லெட்ட எடுத்துட்டேன்னு சொன்ன," என்றாள். குரல் உயரவில்லை. தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். "எந்த ஆஸ்பத்திரி?"

போகும் வழியில் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு நான் இடம் கொடுத்ததை, திரும்பிப் பார்த்ததை, பஸ் வந்ததை. எனக்கு மறைக்கத் தெரியாது. அன்று காலை வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்ணை ஆபரேஷனுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மண்டையில் விரிசல், உள்ளே ரத்தக் கட்டு, பிழைத்தாலும் ஒரு கண் போனது போனதுதான் என்று நர்ஸ் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். தாழ்வாரத்தில் ஒரு அம்மாள் கடை உடுப்போடு நின்றிருந்தார். சூப்பர் மார்க்கெட் பில் கவுண்டரில் இருப்பவர்கள் போடும் நீலச் சட்டை. கையில் அந்தத் தடித்த புத்தகம். அதன் ஓரம் நனைந்து ஒட்டியிருந்தது.

அதைப் பார்த்த பிறகும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "நான் என்ன செய்ய? உன்னை உயிரோட வச்சிருக்கணும்னு பார்த்தேன். அடிச்சது அவன்க்கா, நானில்ல," என்றேன்.

அக்கா கேட்கும் காதை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டுதான் நின்றாள். முழுதாகக் கேட்டாள்.

"அவன் நான்னு நினைச்சு அடிச்சான்," என்றாள். "நீ, நானில்லன்னு தெரிஞ்சுதானே உக்கார வச்ச."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அப்படிப் பிரித்துக் கொடுத்துத் தப்பித்துக்கொள்ளக்கூட அவள் எனக்கு இடம் வைக்கவில்லை.

அக்கா நகர்ந்து அந்த அம்மாளிடம் போகத் தொடங்கினாள். நான் அவள் தோளைத் தொட்டு நிறுத்திவிட்டு, அவளுக்கு முன்னால் போனேன். பக்கத்தில் போலீஸ்காரர் ஒருவர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க யாரும்மா?"

"காலைல உங்க பொண்ணுக்கு அந்த இடத்தைக் குடுத்தது நான்தாங்க."

அவர் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "சொன்னா. உக்காந்ததும் போன் பண்ணினா. நல்ல இடம் கிடைச்சிருக்கும்மா, ஒரு அக்கா எழுந்து குடுத்தாங்க, இன்னைக்கு நல்லாப் படிச்சுடுவேன்னு சொன்னா." ஆறுதலுக்கு வந்தவள் என்று நினைத்து என் கையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

நான் மீதியையும் சொன்னேன். அவன் யார், யாரைத் தேடினான், அங்கே அவனை வரவழைத்தது யார். போலீஸ்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். சொல்லச் சொல்ல அந்த அம்மாளின் பிடி மாறியது. விரல்கள் வளைந்தன, நகங்கள் என் உள்ளங்கையில் இறங்கின, தோல் கிழிந்து ரத்தம் விரலிடுக்கில் வழிந்தது. அவர் கண்ணை என் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. சொல்லி முடிக்கும் வரை நானும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.